ஒன்று மேலே, மிச்சம் கீழே

நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அது பந்தயத் தடத்தின் நட்டநடுவில் உட்கார்ந்து பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. கொடி பிடித்த நான்கு பேர் அதை வளைக்கப் பார்த்தார்கள். அதுவோ, தனக்காக யாரோ ஏற்பாடு செய்த விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொருவர் பக்கமும் ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தது. நாய் வெளியே போகும்வரை பந்தயம் தொடங்காது என்று ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. எல்லா எஞ்சின்களையும் அணைத்தாயிற்று. வெள்ளைக் கோடு போட்ட கட்டங்களில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நிற்க, முன்வரிசையில், தோல் உடுப்புக்குள் வேர்வையில் ஊறிக்கொண்டு, பெலிக்ஸ் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலைப் பார்த்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் பார்த்தான். இந்தக் கால்தான் சற்று முன்னால் அவனைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. வண்டிகளைத் தயார்ப்படுத்தும் பிட்டிலிருந்து கிளம்பி, ஒரே ஒரு சுற்று சுற்றி இங்கே வந்து நிற்கவேண்டும், அவ்வளவுதான்; பச்சைப் பிள்ளையும் செய்யும். பிட்டிலேயே முதல் கியரில் போட்டுத்தான் வண்டியைக் கொடுத்திருந்தார்கள்; இரண்டாவதுக்காக லீவரை மேலே தூக்கினான், ஒன்றும் நடக்கவில்லை, எஞ்சின் அலறியது. மறுபடி தூக்கினான், மறுபடி அலறல். பயத்தில் கீழே மிதித்தான், இரண்டாவது விழுந்தது. அப்போதுதான் உறைத்தது. யாரோ கியரைத் தலைகீழாக்கியிருக்கிறார்கள். ஒன்றாம் கியர் மேலே, மிச்சமெல்லாம் கீழே. தெரிந்துவிட்டது, புரிந்துவிட்டது, மனசு புரிந்துகொண்டதைக் கால் புரிந்துகொள்ள வேண்டாமா? முதல் வளைவில் கியரைக் குறைக்க மூன்று நாள் பழக்கத்தில் கீழே மிதித்தான், குறைய வேண்டிய கியர் கூடிப்போய், வண்டி பிடியில்லாமல் முன்னால் ஓடி, தடத்தை விட்டு மண்ணில் இறங்கி, புழுதி கிளப்பி, எப்படியோ திரும்பி வந்தது. பந்தயமாக இருந்திருந்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். ஒன்று மேலே, மிச்சம் கீழே. ஒன்று மேலே, மிச்சம் கீழே. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்த மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்து நின்றான், வந்து நின்றதும் நாய்.

நாய்க்கு நன்றி சொல்லவேண்டும். இந்த நாலு மாதத்தில் அவன் நன்றி சொல்லவேண்டிய வரிசையில் இப்போது நாயும் சேர்ந்துகொண்டது. இந்த வருஷத்துப் பந்தயங்கள் ஆடியில் தொடங்கின, இது ஐப்பசி. இங்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பந்தயம், கோயம்புத்தூரில் ஒன்று, திரும்ப இங்கே, திரும்ப அங்கே, நடுவில் ராயபுரத்து வொர்க்‌ஷாப்பில் ஸ்கூட்டர்களுக்கு ஆயில் மாற்றிப்போடும் வேலை, வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் அணியின் வேன் வந்துவிடும். சேலத்தைத் தாண்டி எங்கேயோ வேனுக்குள் டயர்களின் மேல் தலைவைத்துத் தூங்கியது. எழுந்தபோது கன்னத்தில் டயரின் பள்ளம் அப்படியே பதிந்திருந்ததைப் பார்த்து எல்லாரும் சிரித்தது. மழையில் நடந்த இரண்டாவது பந்தயம், ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிய முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கை மட்டும் நம்பிப் போனது, முடிந்தபிறகுதான் தெரிந்தது தனக்கு முன்னால் ஒரே ஒருவன்தான் போயிருக்கிறான் என்று. கிழிந்துபோன தோல் உடுப்பைப் பெரியமேட்டில் செருப்புத் தைக்கும் ஒரு மனிதர், "இன்னா தம்பி, புலியாண்ட மாட்டிக்கினியா?" என்று கேட்டு, முழங்கையில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தது. அந்தத் தையல் இப்போதும் முழங்கையில் உறுத்துகிறது, உறுத்தட்டும், உறுத்துகிறவரை முழங்கை இருக்கிறது என்று அர்த்தம். இத்தனை பேர். இத்தனை பேருக்கும் வாயைத் திறந்து நன்றி சொல்லியிருக்கிறான், அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி, பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற கண்டக்டருக்கே நன்றி சொல்லுகிறவன். ஒரே ஒருவருக்குத்தான் சொல்லவில்லை. அந்த ஒருவரின் வண்டி மேல்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறான்.

சென்னியப்பன். கோயம்புத்தூர்க்காரர், இவனுக்கு ஏழெட்டு வயது மூத்தவர், ஒரே அணி. இந்த வருஷத்துப் பட்டத்துக்கான புள்ளிகளில் முதலிடம் அவர், இரண்டாமிடம் இவன். போன பந்தயத்தில் கோயம்புத்தூரில், கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது இவன் பின்சக்கரம் வழுக்கிக் கீழே விழுந்தான், விழுந்தவன் தடத்தின் நடுவிலேயே கிடந்தான். அந்தக் காட்சி மட்டும் தேயவே மாட்டேன் என்கிறது. கன்னம் தார்ச்சாலையில், தார் வாசனை, சூடு, கண்ணுக்கு நேராக ஒரு முன்சக்கரம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அதில் சின்னதாக ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. சென்னிதான் தன் சக்கரத்தில் அப்படிக் கோடு போடுகிறவர். வலது பக்கம் சுவர், இடது பக்கம் இன்னொரு வண்டி, போக வழியே இல்லை. அவர் தன் வண்டியைக் கீழே போட்டார். தானாக விழவில்லை, போட்டார். வண்டி ஓட்டுகிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும். சக்கரம் சாய்ந்து, மஞ்சள் கோடு சாய்ந்து, இவன் தலைமாட்டில் ஒரு முழம் தள்ளி வழுக்கிக்கொண்டு போனது. சென்னிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது, ஆக்ஸிலேட்டர் திருகும் கை. இவனுக்கு ஒரு சிராய்ப்பு. இவன் வண்டி அப்பளம். அவர் வண்டிக்குப் பெயிண்ட் போனதோடு சரி. விதி எப்படிக் கணக்குப் போடுகிறது பாருங்கள். ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். நன்றி சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? இவன் வாயைத் திறந்தான், அவர் முந்திக்கொண்டு, "என்ற சைலன்சர் என்னாச்சுன்னு பாத்தியாடா?" என்றார். அதோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனான், டயரைப் பற்றிப் பேசினார்கள். சாத்துக்குடியை இவனே உரித்து இவனே தின்றுவிட்டு வந்தான். பந்தயக்காரர்களுக்குள் அது வழக்கமும் இல்லை. இன்றைக்கு நீ என்னைக் காப்பாற்றினாய், நாளைக்கு நான் உன்னை, இதையெல்லாம் பேச ஆரம்பித்தால் அப்புறம் யாருக்கு வண்டி ஓட்டக் கை வரும்? பேசாமல் இருப்பதே மரியாதை. மரியாதை என்றுதான் இவனும் சொல்லிக்கொண்டான். ஆனால் சொல்லாத நன்றி மீன் முள் மாதிரி, சோற்றை உருட்டி விழுங்கினாலும் போவதில்லை.

பிறகு அவரே அணி முதலாளியிடம் போய், என் வண்டி சும்மா நிற்கிறது, கடைசிப் பந்தயத்தைப் பெலிக்ஸ் அதில் ஓட்டட்டும் என்று சொல்லியிருக்கிறார். இதில் ஜெயித்தால் பட்டம் பெலிக்ஸுக்கு. ஜெயிக்காவிட்டால், இரண்டாவதாக வந்தாலும் சரி, பட்டம் சென்னிக்கு. அதை அவருக்கு யாரும் கூட்டிக் கழித்துச் சொல்லவேண்டியதில்லை. எத்தனையோ வருஷமாக அந்தப் பட்டத்தைத் துரத்துகிற மனிதர். இரண்டு தடவை கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போயிருக்கிறது. தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிற வண்டி. கொடுப்பார்களா யாராவது? இந்த இடத்தில்தான் பெலிக்ஸின் மனசு, மண்ணில் இறங்கின சக்கரம் மாதிரி, சுற்றச் சுற்றப் புதைந்தது. கொடுப்பார்களா. இரவல் வண்டி என்பதால் மூன்று நாளாகப் பயிற்சியில் அவன் எதையுமே மாற்றச் சொல்லவில்லை. இவன் கால் ஆறு வருஷமாகத் தலைகீழ்க் கியருக்குப் பழகின கால். வண்டி இடது பக்கம் தரையோடு சாயும்போது லீவருக்கு அடியில் பாதத்தை நுழைக்க முடியாது, மேலிருந்து மிதிப்பதுதான் சுலபம் என்று அப்படி வைத்துக்கொண்டான். சென்னி வண்டியிலோ ரோட்டில் ஓடுகிற வண்டிகளைப் போலச் சாதாரணக் கியர். மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று வாயை மூடிக்கொண்டு, காலைப் புதிதாகப் பழக்கினான். படுக்கையில் படுத்தபடி பாதத்தை அசைத்து அசைத்துப் பழக்கினான். நேற்று சாயங்காலம்தான் கால் ஒருவழியாக மறந்தது, தன்னுடையதை. முன்வரிசையும் கிடைத்தது. இன்றைக்குப் பார்த்து, யாருக்கும் சொல்லாமல், யாரோ மாற்றியிருக்கிறார்கள். யாரோ. அந்த வண்டியில் கைவைக்க உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். மெக்கானிக் கலீல் பாய். அவர் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும் பிஸ்மில்லா சொல்லிவிட்டுத்தான் தொடுகிற மனிதர். இன்னொருவர், இவன் ஜெயிக்காவிட்டால் பட்டம் வாங்கப்போகிறவர். சீ. என்ன நினைப்பு இது. உன் தலை முழுசாக இருக்கிறதே, அது யாரால்? ஆனால் நினைப்பு வந்துவிட்டது, வந்த நினைப்பை வாலைப் பிடித்து வெளியே இழுக்கவா முடியும், தடத்தில் நிற்கிற அந்த நாயையே முடியவில்லை.

நாய் இப்போது படுத்துக்கொண்டது. யாரோ பிரியாணிப் பொட்டலத்தைக் காட்டிக் கூப்பிட்டார்கள்; அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பார்த்தேன் என்பதுபோல் மறுபடி தலையைச் சாய்த்தது. பார்வையாளர் பக்கம் கைதட்டல். தார்ச்சாலையிலிருந்து கானல் எழுந்து எல்லாரையும் நெளிய வைத்தது. பெலிக்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தான், காதுக்குள் இருந்த பஞ்சு அடைப்பான்களையும் எடுத்தான், திடீரென்று உலகம் சத்தத்தோடு திரும்பி வந்தது. டேங்கின் மூடிக்குப் பக்கத்தில் சென்னிமலைக் கோயில் விபூதி ஒரு தீற்று, வேர்வை பட்டும் அழியாமல். முன்பக்கம் இவனுடைய பந்தய எண்ணை ஒட்டியிருந்தார்கள், அதன் ஓரத்தில் கீழே இருக்கிற சென்னியின் எண் எட்டிப் பார்த்தது. இருக்கையின் பஞ்சு அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அவர் இடுப்புக்கு அமுங்கியிருந்தது. மூன்று நாளாக அந்தப் பள்ளத்துக்குள் உட்காரும்போதெல்லாம் யாருடைய மடியிலோ உட்கார்ந்திருக்கிற கூச்சம். தோற்றுவிடலாமா? இதுவும் நேற்றிலிருந்து கூடவே வருகிற நினைப்புதான். இரண்டாவதாக வந்துவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது. கடைசி வளைவில் ஒரு கணம் முன்னதாக பிரேக் பிடித்தால் போதும், பின்னால் வருகிறவன் உள்ளே நுழைந்துவிடுவான், பட்டம் சென்னிக்கு, முள் இறங்கிவிடும். அழகான நன்றி. வாயைத் திறக்காமலே சொல்லிவிட்ட நன்றி. ஆனால் அவர்தான் கியரை மாற்றினார் என்றால்? அப்போது தோற்பது நன்றியா, ஏமாறுவதா? ஜெயிப்பது நன்றிகெட்டதனமா, நியாயமா? சுற்றிச் சுற்றி அதே வளைவுக்கு வந்துகொண்டிருந்தான்.

குடை வந்தது. வரிசையில் நிற்கிற ஒவ்வொரு வண்டிக்கும் யாராவது ஒருவர் குடை பிடிப்பது வழக்கம். பெரிய அணிகளில் அதற்கென்றே டி-ஷர்ட் போட்ட ஆட்கள் உண்டு. இவர்கள் அணியில் கலீல் பாயின் மச்சான் பிடிப்பான். இன்றைக்கு இடது கையில் குடையும், வலது கையில் முழங்கைவரை மாவுக்கட்டுமாக வந்து நின்றவர் சென்னியப்பன். பட்டம் வாங்க வேண்டியவர், தன் பட்டத்தைப் பறிக்க வந்தவனுக்குக் குடை பிடிக்கிறார் என்று முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. நிழல் பெலிக்ஸின் தலையில் விழுந்தது.

"என்னடா, பேயறஞ்சாப்ல உக்காந்திருக்கற?"

பெலிக்ஸ் நிமிரவில்லை. கேட்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டான். "அண்ணா, கியர யார்ணா மாத்துனது?"

"நாந்தான்." ஒரு துளி தயக்கம் இல்லை. ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி முகமெல்லாம் பல். "காத்தால வெள்ளன வந்து பண்ணிப்போட்டேன். ஒத்தக் கையில, அதும் எடது கையில. ரெண்டே போல்ட்டு, அதுக்கே தாவு தீந்துபோச்சு. ஒரு போல்ட்டப் பல்லுல கடிச்சுட்டு மாட்டுனேன்னா பாத்துக்க."

பெலிக்ஸ் குனிந்து லீவரைப் பார்த்தான்.

"உனக்குத் தலகீழாத்தான பழக்கம்? எங்கிட்டக் கேட்டா என்னடா, வாயில என்ன கொழுக்கட்டையா? நேத்து டிவியில உன்ற காலையே பாத்துட்டிருந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நிமுசம் ரோசன பண்ணிப் பண்ணி மிதிக்கற. மூணு நாளா என்ற காலுக்கு ஓட்டிப்போட்ட. இன்னைக்கு உன்ற காலுக்கு ஓட்டு."

"எனக்கு யாரும் சொல்லலியேண்ணா. மொத வளைவுல மண்ணுல எறங்கிட்டேன்."

சென்னியின் சிரிப்பு நின்றுவிட்டது. குடை ஆடியது. "சொல்லலியா? பாய்கிட்டச் சொல்லியுட்டனே! அவரு உங்கிட்டச் சொல்லிட்டதா, நீ கட்ட வெரலத் தூக்கிக் காட்டுனீன்னு சொன்னாரே!"

அப்போதுதான் பெலிக்ஸுக்கு ஞாபகம் வந்தது. பிட்டிலிருந்து கிளம்புகிற நேரம், ஹெல்மெட் மாட்டி, காதை அடைத்து, எஞ்சின் உறுமிக்கொண்டிருக்க, கலீல் பாய் குனிந்து முகத்துக்கு நேராக ஏதோ நீளமாகச் சொன்னார். ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. நல்லா ஓட்டு, துவா பண்ணியிருக்கேன் என்று எப்போதும் சொல்லுவதுதான் என்று நினைத்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். பந்தயக்காரன் காது அடைத்தபிறகு எதற்கும் கட்டை விரலைத்தான் காட்டுவான். உன் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் காட்டுவான். சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் கரித்தது, வேர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக நெற்றியிலிருந்து வேர்வையும் வழிந்தது. ஒற்றைக் கையோடு, பொழுது விடியும்போது, யாரும் வராத பிட்டில், இந்த மனுஷன் பல்லில் போல்ட்டைக் கடித்துக்கொண்டு மண்டி போட்டிருக்கிறார். அதே போல்ட்டை வைத்து இவன் இங்கே உட்கார்ந்து அவருக்கு விலங்கு செய்துகொண்டிருந்தான். புத்தியே, உன்னைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"இப்பவே திருப்பிப் போட்டர்லாமா?" சென்னி நாயைப் பார்த்தார், தூரத்தைக் கணக்குப் பண்ணினார். "நாய் இன்னும் எந்திரிக்கக் காணம். பாயக் கூப்புடறேன், நிமுசத்துல ஆயிரும். என்ற தப்புடா. பாத்து உங்கிட்டயே சொல்லீருக்கோணும்."

தப்பாம். கோயம்புத்தூரில் கன்னம் வைத்துப் படுத்திருந்த தார்ச்சாலை ஞாபகம் வந்தது, மஞ்சள் கோடு ஞாபகம் வந்தது. இனிமேல் வாயை மூடினால் இந்த ஜென்மத்தில் திறக்கவே முடியாது.

"வேணாண்ணா. இப்டியே இருக்கட்டும்." பிறகு, யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று, சத்தமாகவே சொன்னான். "அண்ணா, அன்னிக்கு நீ வண்டிய கீழ போடலன்னா நான் இல்லண்ணா. எங்கம்மாவுக்குப் புள்ள இல்ல. இத்தினி நாளா சொல்ல வரல. தேங்க்ஸ்ணா."

சென்னியப்பன் குடையின் கம்பியைப் பார்த்தார், தன் கட்டைப் பார்த்தார். பக்கத்துக் கட்டத்தில் இருந்தவன் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"செரி செரி. ரொம்ப உருகாத, டயரு ஆறீரும்," என்றார் கடைசியில். கொஞ்சம் குனிந்து, குரலைத் தணித்து, "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. நேத்துல இருந்து உன்ற மூஞ்சியப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். எனக்கு உட்டுக் குடுக்கலாம்னு ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ணிப்போடாத. கட்டு பிரிச்சதும் அடுத்த வருசம் நானே வந்து உங்கிட்ட இருந்து புடுங்கிக்குவேன். நீ எனக்குப் பிச்சை போட்டீன்னு வெச்சுக்க, அது எப்புடீடா புடுங்கறது?"

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா என்ற வண்டி ஜெயிச்சுதும்பேன். தோத்தா பெலிக்ஸு தோத்துட்டாம்பேன். எப்புடியும் எனக்கு நட்டமில்ல போ."

சரியாக அந்த நேரம் நாய்க்குப் போரடித்துவிட்டது. எழுந்து, உடம்பை ஒரு நெட்டு நெட்டி, யாரும் விரட்டாமலே வேலிக்கு அடியில் நுழைந்து போய்விட்டது. கூட்டம் விசிலடித்தது. தடத்தை விட்டு வெளியேறச் சொல்லிப் பலகை காட்டினார்கள், குடைகள் மடங்கின, ஆட்கள் ஓடினார்கள். ஹெல்மெட்டுக்குள் முகத்தை நுழைக்கும் முன்னால் பெலிக்ஸ் வழக்கம்போல் நெற்றியில் சிலுவை போட்டான். போட்ட விரலால், என்ன தோன்றியதோ, டேங்க் மேலிருந்த விபூதியையும் தொட்டுக்கொண்டான். இருக்கட்டும், இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளட்டும். காதை அடைக்கும் முன்னால் கலீல் பாயைக் கையைக் காட்டி அழைத்து, "பாய், வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டான். பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. "துவா பண்ணியிருக்கேன், நல்லா ஓட்டு," என்றார்.

டயரைச் சூடேற்றும் சுற்றில் கால் ஒரு தரம் தப்பியது, அடுத்த வளைவில் தப்பவில்லை. ஒன்று மேலே, மிச்சம் கீழே. ஒப்பிக்க ஒப்பிக்கக் குழப்பம்தான் வந்தது. மறுபடி கட்டத்தில் வந்து நின்றபோது ஒப்பிப்பதை விட்டுவிட்டான். பயம் போய்விடவில்லை, பயம் எங்கே போகும், அதுவும் இந்த உடுப்புக்குள்தான் குடியிருக்கிறது. ஆனால் அதற்கு இப்போது இடம் கொஞ்சம் குறைந்திருந்தது. எத்தனை பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியமேட்டுத் தையல்காரர், வேன் டிரைவர், கோயம்புத்தூரில் கையைப் பிடித்துத் தூக்கிவிட்ட பெயர் தெரியாத கொடிக்காரர், அம்மா, ஏன், அந்த நாயும்தான். எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எப்படி வேகமாகப் போவது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. இருக்கையின் பள்ளத்தில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தான். முதல் தடவையாகக் கூச்சம் தோன்றவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பாதத்தை லீவருக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கினான், ஒன்று விழுந்தது. விளக்கு அணைந்தது.

இடது பக்கம் ஒருவன், வலது பக்கம் ஒருவன், சத்தம், ரப்பர் நாற்றம், இரண்டு, மூன்று, நாலு, கால் மிதித்துக்கொண்டே போனது, சுவர் ஓரமாக மடக்கிய குடையோடு நின்ற ஒரு உருவம் வந்தது, போயிற்று. முதல் வளைவு ஓடி வந்தது. எல்லாரும் பிரேக் பிடித்தார்கள். இவன் அப்போது பிடிக்கவில்லை, இன்னும் ஒரு மூச்சு பொறுத்துப் பிடித்தான். மேலா, கீழா என்று மனசு கேட்க வாயெடுத்தபோது கால் அதற்குள் வேலையை முடித்திருந்தது. ஆறு வருஷத்துக் கால், யாரோ ஞாபகமாகத் திருப்பிக் கொடுத்த கால், ஒரு தூக்கு, இன்னொரு தூக்கு. கியர் குறைந்தது, எஞ்சின் இழுத்துப் பிடித்தது. முன்னால் யாரும் இல்லாத தடத்துக்குள், சென்னியின் வண்டி பெலிக்ஸின் காலுக்குத் திரும்பியது.